சன்னாசி விழுந்தான் பாறை

அந்தப் பக்கம் உட்காராத தாயி. இங்கிட்டு வா, இந்த ஜன்னலோரம். அந்தப் பக்கம் உட்கார்ந்தா ஊரு வர்ற வரைக்கும் செங்கச்சூளையும் வாழைத்தோப்பும்தான். மலை இந்தப் பக்கம். பையைக் கீழ வையி. என் காலுகிட்ட வச்சாலும் பரவால்ல, அது ஒண்ணும் சொல்லாது. எப்பவும் அப்படித்தான் நீட்டிக்கிட்டு இருக்கும். பிறவியிலேயே கொஞ்சம் அப்படி. விழுந்ததுனாலதான்னு யாராவது சொன்னா நம்பாத.

ஜன்னல் கண்ணாடி அழுக்கா இருக்கா? இந்தா, இந்தத் துண்டால தொடச்சுக்க. பழசுதான், ஆனா கெட்டி.

என்னத்த வச்சிருக்க பையில, இந்தக் கனம் கனக்குது? கயிறா? அப்பச் சரி, ஒத்தக்கொம்புக்குத்தான் போற. எனக்கு நீ ஏறும்போதே தெரியும். இந்த பஸ்ஸுல வர்ற வெளியூர் ஆளுக ரெண்டே வகைதான். பொண்ணு பாக்க வர்றவங்க, மலை ஏற வர்றவங்க. பொண்ணு பாக்க வர்றவங்க இப்படி ஒரு செருப்பைப் போட்டுக்கிட்டு வரமாட்டாங்க.

தனியாவா போற? ஓ, கூட்டாளி முன்னாடியே போயாச்சா. பொண்ணா, பையனா? பொண்ணு. அவ உனக்கு என்ன முறை வேணும்? சிநேகிதியா? சிநேகிதி எல்லாம் சரி தாயி, நான் கேக்குறது முறை. நீ தொங்கும்போது கயிறு யாரு புடிக்கிறது? அவதானா? அவளுக்கு அண்ணன் தம்பி யாராவது உண்டா, உன்னைக் கட்டிக்கிற மாதிரி? சிரிக்காத, காரியமாத்தான் கேக்குறேன்.

எங்க மலையில கயிறு புடிக்க ஒரு முறை இருக்கு. கூடப்பொறந்தவன் புடிக்கக் கூடாது. அவன் பங்காளி, கயித்தை விட்டா அவனுக்கு நிலம் சேரும். பெத்த அப்பனும் கூடாது, பாசத்துல கை நடுங்கும். மச்சான்தான் புடிக்கணும், பொண்டாட்டியோட அண்ணன். ஏன்னா கீழ தொங்குறது அவன் தங்கச்சி தாலி. அதை விடுவானா ஒருத்தன்? அதனால கல்யாணம் ஆகாதவன் எங்க ஊர்ல கொம்பு ஏற முடியாது. கொம்பு ஏறணும்னே அவசரமாத் தாலி கட்டினவன் ஒருத்தன் உண்டு. யாருன்னு கேக்காத.

என்னது? ஒரு இரும்புல கயித்தை மாட்டி வச்சா, விழும்போது அதுவாப் புடிச்சுக்குமா? காட்டு பாப்போம். இம்புட்டுத்தானா? இரும்புக்குத் தங்கச்சி இருக்கா தாயி? அப்புறம் எதுக்கு அது புடிக்குது? சரி சரி, உள்ள வையி, தொலைச்சிராத.

இந்தா, இந்தப் புளியமரம் விலகட்டும். விலகிருச்சா? பாரு. நல்லாப் பாரு. அதான் ஒத்தக்கொம்பு.

காளைக்கு ஒரு கொம்பு ஒடிஞ்சு ஒரு கொம்பு நிக்கிற மாதிரி நிக்குதுல்ல. இப்ப நீ பாக்குறது மொகம், கிழக்கு மொகம். மழைத்தண்ணி கூட அதுல நிக்காது, சர்ருனு எறங்கிரும். அதுக்கு நேர் கீழ எங்க ஊரு, கொம்படிப்பட்டி. மலைக்கு முதுகு அங்கிட்டு, மேற்க. முதுகு சரிவா இருக்கும், புல்லும் சோலையுமா. அந்தச் சரிவுல மந்தைக்கல்லுன்னு ஒரு ஊரு. அங்க இருந்து மாட்டுத்தடம் வளைஞ்சு வளைஞ்சு கொம்போட உச்சிக்குப் பக்கத்துலயே போயிரும். கிழவிங்க வெத்தலை போட்டுக்கிட்டே ஏறுவாங்க. அதெல்லாம் ஏர்றதா? அது நடக்குறது.

மாட்டுத்தடத்துல உச்சிக்குப் போன ஆளு ஒருத்தன் நான் கொம்பு ஏறினேன்னு சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

நீ எந்த வழி? மொகமா! அடி என் ஆத்தா. நான் அப்பவே நினைச்சேன். மொகத்தை இப்பத்தான் மறுபடி திறந்து விடுறானுக, கயிறு வச்சிருக்கிற ஆளுகளுக்கு மட்டும். இத்தனை வருஷம் மூடித்தான் கெடந்துச்சு. ஏன் மூடினாங்கன்னு ஊர்ல ஒரு கதை சொல்லுவானுக. நம்பாத.

மொகத்துல ஏர்றதுன்னா கேட்டுக்க. எங்க ஊருக் கோயிலைத் தாண்டினதும் சரளைக்காடு. கள்ளியும் சரளைக்கல்லுமா இருக்கும். ரெண்டு அடி வச்சா ஒரு அடி வழுக்கும், அங்க கோவப்படாத. அது முடியுற எடத்துல தட்டையா ஒரு பாறை, வேர்வைத்திட்டுன்னு பேரு. உட்காரு, தண்ணி குடி. அதுக்கு மேல ஆட்டுக்கால் இடுக்கு. ரெண்டு பாறைக்கு நடுவுல ஒரு ஆளு போற வெடிப்பு. முதுகை ஒண்ணுல சாச்சு, காலை ஒண்ணுல ஊண்டி, உந்தி உந்தி மேல போகணும். உன் உடம்புக்குச் சரியா இருக்கும். அதுக்கு மேல வயித்துரசி. பாறை வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், வயிறு உரச உரசப் பக்கவாட்டுலதான் நகரணும். சாப்பிட்டுட்டுப் போகாத. எங்க சித்தப்பா ஒருத்தரு பொங்கச்சோறைக் கட்டிட்டுப் போயி அதுல மாட்டிக்கிட்டாரு. செரிக்கிற வரைக்கும் அங்கேயே நின்னாரு. கீழ பாக்காதன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நான் சொல்லமாட்டேன். பாரு. எங்க ஊரு அங்க இருந்து பாத்தாத்தான் அழகு.

வயித்துரசி தாண்டினா கழுத்து வந்துரும், கொம்போட கழுத்து. அங்க இருந்து உச்சிக்கு ஒரே பாறைதான் பாக்கி. நெட்டுக்குத்தா நிக்கும், கைக்கு அகப்படுற மாதிரி ஒண்ணும் இருக்காது. அந்த எடத்துல மேல இருந்து கயிறு வரும். அந்தப் பாறைக்குப் பேரு... விடு. போன்ல மேப்பு வச்சிருப்பியே, அதுல போட்டிருக்குமே. பாரு. போட்டிருக்கா? சத்தமா வாசிக்காத.

வாசிச்சிட்டியே.

ஆமா. நான்தான். நான்தான் அந்தச் சன்னாசி. திரும்பிப் பாக்காதீங்கய்யா அங்க, என் மூஞ்சியில என்ன சினிமாவா ஓடுது?

விழுந்தானாம். யாரு விழுந்தா? நான் விழல தாயி. இதை நீ எழுதிக்க, வெளியூர்க்காரி, உன்கிட்டயாவது சரியாச் சொல்லிர்றேன். நான் எறங்கினேன்.

அப்பல்லாம் சித்திரை மாசம் உச்சியில கொம்பையா சாமிக்கு விளக்குப் போடுவோம். நெய்க்கலயத்தை முதுகுல கட்டிக்கிட்டு மொகத்துல ஏர்றவன் கொம்படிப்பட்டிக்காரன். முதுகு வழியா முன்னாடியே போயி, உச்சியில நின்னு கயிறு விடுறவன் மந்தைக்கல்லுக்காரன். அதுக்காகவே நாங்க மந்தைக்கல்லுலதான் பொண்ணு எடுப்போம். அந்தப் பக்கத்து ஆளு மச்சானா இருந்தாத்தானே கயித்தோட மேல வந்து நிக்க முடியும்? ஒரு மலையில ரெண்டு ஊரும் ஏறினாத்தான் ஒரு விளக்கு எரியும். அப்படி வச்சிருக்காங்க.

அந்த வருஷம் கலயம் எனக்கு வந்துச்சு. லேசுல வராது அது. ஊரே கீழ நின்னு அண்ணாந்து பாக்கும். மேல கயிறு புடிக்க என் மச்சான் பெத்தணன். என் வீட்டுக்காரி சீனியம்மாவுக்கு மூத்தவன். முதநாள் கோயில்ல வச்சு, தோள்ல கெடந்த துண்டை எடுத்து என் கையில குடுத்து, "மாப்ள, இதை உள்ள சுத்திக்கிட்டு மேல கயித்தைக் கட்டு, இல்லாட்டி இடுப்பை அறுத்துரும்"னான். அவன் எப்பவும் அப்படித்தான், எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி. சரின்னு சுத்திக்கிட்டேன். நல்ல துண்டு. இன்னும் ஒரு நூலு பிரியல.

சரளைக்காடு, இடுக்கு, வயித்துரசி எல்லாம் தாண்டிக் கழுத்துக்கு வந்துட்டேன். கயிறு எறங்குச்சு. கட்டினேன். கட்டிட்டு மேல பாத்து ஒரு சத்தம் குடுத்தேன். "மச்சான், கயித்தை இழுக்காத. தளர விடு. நான் நானா வருவேன்."

ஏன்னு கேளு. இழுத்தா என்ன ஆகும்? பெத்தணன் இழுத்தான், சன்னாசி நெல்லு மூட்டை மாதிரி போய்ச் சேர்ந்தான்னு கீழ நிக்கிறவன் சொல்லுவான். மாட்டுத்தடத்துல நடந்து வந்தவனுக்குப் பேரு, மொகத்துல ஏறினவன் மூட்டையா? "வேணாம் மாப்ள, வேணாம்"னு மேல இருந்து கத்துறான். "விடுன்னா விடு"ன்னேன். விட்டான்.

ஏறினேன். பாதிப் பாறை ஏறினேன் தாயி. ஒருத்தனும் இழுக்கல, ஒருத்தனும் தாங்கல. எங்க ஊரு உண்டான நாள்ல இருந்து அந்தப் பாறையில அப்படி எவனும் ஏறினதில்ல. அதை எவனாவது சொல்றானா? சன்னாசி ஏறினான் பாறைன்னு வைக்கிறது. வாயி வராது. அதுக்கு அப்புறம் நடந்ததை மட்டும் வச்சுக்குவானுக.

அதுக்கு அப்புறம் எறங்கினேன். முதுகுல கலயம் சாஞ்ச மாதிரி இருந்துச்சு, சரி பண்ணணும்ல? கீழ பாறையில ஒட்டிக்கிட்டு ஒரு காட்டு அத்தி நிக்கும், அது வரைக்கும் போய்ச் சரி பண்ணலாம்னு எறங்கினேன். வேகமா எறங்கினேன், இல்லைங்கல. தலை கீழயும் காலு மேலயுமா எறங்கினேன், அதையும் இல்லைங்கல. தேனெடுக்கிற ஆளுக அப்படி எறங்குறதை நான் பாத்திருக்கேன்.

விழுந்தவன் எங்க கெடப்பான்? தரையில கெடப்பான். நான் தரையில கெடந்தேனா? கயித்துல தொங்கினேன். தரையைத் தொடாதவன் எப்படி விழுந்தவன் ஆவான்? நீ படிச்ச பிள்ளை, சொல்லு. ஊரே பாத்துச்சுன்னு சொல்றானுக. ஊருக்குக் கண்ணு சரியில்ல. உச்சி வெயிலு, எல்லாரும் கைய நெத்தியில வச்சுக்கிட்டு நிக்கிறான், என்னத்தப் பாத்திருப்பான்?

கயிறு எப்படி நின்னுச்சுன்னா கேக்குற? அவன் புடிச்சான், நின்னுச்சு. கயிறு புடிக்கத்தானே வந்தான்? அது அவன் வேலை. தளர விட்ட கயிறு, அது பாட்டுக்கு ஓடிருச்சு. நாருக்கயிறு. கையில நெருப்பு மாதிரி ஓடியிருக்கு. உள்ளங்கை ரெண்டும் பிஞ்சு போச்சு அவனுக்கு. நான் என்ன செய்ய? கையில துணி சுத்திக்கிட்டுல்ல கயித்தைப் புடிக்கணும். மேல நிக்கிறவன் ஒரு துண்டு கூட இல்லாமலா போவான்? இது கூடத் தெரியாத ஆளை நம்பி நான் ஏறியிருக்கேன் பாரு.

மாடு மேய்க்கிறவங்க ஓடி வந்து கை குடுக்குற வரைக்கும் ஒத்தையாப் புடிச்சிருக்கான். காலைப் பாறை விளிம்புல முட்டுக் குடுத்துக்கிட்டு. என்னை மேல தூக்கிப் போட்டப்பப் பாத்தேன். அவன் கையில இருந்து கயித்தைப் பிரிக்க முடியல, ஒட்டிப் போயிருந்துச்சு. தண்ணி ஊத்தித்தான் எடுத்தாங்க. அப்ப என்னைப் பாத்து, "கலயம் எங்க மாப்ள"ன்னு கேக்குறான். அந்த நேரத்துல கேக்குற கேள்வியா அது? கலயம் போயிருச்சு. அந்த வருஷம் விளக்கு எரியல.

வலது கை இன்னைக்கும் மூடாது அவனுக்கு. கும்பிட்டான்னா ரெண்டு கைக்கும் நடுவுல ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம். சோத்தை உருட்ட வராது, ஓட்டல்ல தின்னுற ஆளு மாதிரி கரண்டியிலதான் திம்பான். பந்தியில அதைப் பாத்துப் பிள்ளைக சிரிக்கும். நான் சிரிச்சதில்ல. நான் அங்கிட்டுத் திரும்பிக்குவேன்.

அப்புறம் எதுக்குச் சண்டையா? அவன் மகனுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன் முறை இல்ல, அத்தை புருஷன் முறை, முதப் பந்தியில உட்கார்ந்திருக்கேன். யாரோ ஒருத்தரு ஆடு காணாமப் போச்சு, எங்கிட்டுத் தேடன்னு கேட்டாரு. அதுக்கு இவன், பெத்தணன், குழம்பு வாளியைப் புடிச்சுக்கிட்டு, "மாப்ள விழுந்த பாறை இருக்குல்ல, அதுக்குத் தெக்க பாருங்க"ன்னு சொல்றான். பந்தியில! அத்தனை பேரு முன்னாடி! அதுவும் ஒரு எகத்தாளம் கூட இல்லாம, ஆத்துக்கு அங்கிட்டுன்னு சொல்ற மாதிரி சொல்றான். பாதி இலையில எந்திரிச்சேன். அன்னையில இருந்து பேச்சு இல்ல. அந்தக் காதுகுத்துன பையன் இப்ப மீசை வச்சுக்கிட்டு டிராக்டர் ஓட்டுறான்.

சீனியம்மா போவா, வருவா. கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போவா. திரும்பி வரும்போது கையில தூக்குச்சட்டியில கருவாட்டுக் குழம்பு இருக்கும். எந்தக் கோயில்ல தாயி கருவாட்டுக் குழம்பு குடுக்குறான்? எனக்குத் தெரியாதா? கேக்க மாட்டேன். சாப்பிட்டுருவேன். குழம்பு மேல எனக்கு என்ன கோவம்?

ஆனா அவன் வாயில இருந்து வந்த பேரு ஒட்டிக்கிச்சு. எங்க மலையில யாரும் கூடிப் பேசிப் பேரு வைக்கிறதில்ல, நடந்ததை வச்சு வாயில வந்துரும். டீக்கடையில எந்தச் சன்னாசின்னு கேட்டா, விழுந்தான் சன்னாசின்னு அடையாளம் சொல்றான். என் பேத்தியைப் பள்ளிக்கூடத்துல விழுந்தான் பேத்திங்குறாங்க. அது அழுதுக்கிட்டு வந்து, "தாத்தா, நீ எதுக்கு விழுந்த"ன்னு என்னையவே கேக்குது. வாயில இருக்கிற வரைக்கும் சரி, அந்த வாயெல்லாம் ஒருநாள் ஓஞ்சுரும். இப்ப ஃபாரஸ்ட் ஆபீஸ்ல ஒரு போர்டு வைக்கிறான். இரும்புப் போர்டு, ஆளு ஒசரம். மலையை வரைஞ்சு, ரெண்டு வழியும் கோடு போட்டு, எடத்துக்கு எடம் பேரு எழுதி. நான் செத்த பெறகும் அது நிக்கும். என் பேத்திக்குப் பேத்தி வந்து வாசிக்கும், சன்னாசி விழுந்தான்னு.

ரேஞ்சரைப் போய்ப் பாத்தேன். நல்ல பையன்தான், சேரு எல்லாம் போட்டான். "ஐயா, ரெண்டு ஊரும் இந்தப் பேரைத்தான் சொல்லுது. கயிறு புடிச்சவர் வந்து வேற மாதிரி நடந்துச்சுன்னு சொன்னா மாத்திர்றேன்"னான். அதாவது நான் பெத்தணன்கிட்டப் போயி நிக்கணும். என் பேரைக் குடுடான்னு கேக்கணும். போவேனா நான்? சீனியம்மா, "நான் வேணா கேக்கட்டா"ன்னா. "கேட்டேன்னா இந்த வாசப்படி மிதிக்காத"ன்னுட்டேன். சொல்லிட்டு மக வீட்டுக்கு வந்துட்டேன்.

இன்னைக்குத்தான் போர்டு திறக்குறாங்க. அதான் முத பஸ்ஸைப் புடிச்சேன். இந்த மஞ்சப்பையில என்னன்னு அப்ப இருந்து பாக்குறியே, இந்தா பாரு. பெயிண்டு. கருப்பு. பிரஷ்ஷும் இருக்கு. திரையை விலக்குனதும் அத்தனை பேரு முன்னாடியும் போயி அந்தப் பேரு மேல பூசிருவேன். கேஸ் போடட்டும். புடிச்சு உள்ள வைக்கட்டும். ஸ்டேஷன்ல எதுக்குப் பூசினன்னு கேப்பானுகல்ல, அப்பச் சொல்லுவேன், நான் விழலன்னு. எழுதிக்குவானுகல்ல?

டேய் சுருளி. கண்டக்டரு, உன்னைத்தான், இங்க வாடா. ஃபாரஸ்ட் ஆபீஸ் வாசல்லயே நிறுத்து, தள்ளிக் கொண்டுபோயி நிறுத்தாத. என்ன? ஏன் போக வேண்டியதில்ல? மாத்தியாச்சா? பேரையா? எப்ப? நேத்தா?

பாத்தியா தாயி! பாத்தியா! சொன்னேன்ல! என்னைக்கு இருந்தாலும் உண்மை மேல வரும்னு சொன்னேன்ல. சொல்லலையா? நினைச்சேன். சுருளி, இந்தா பொரிகடலை, நல்லா அள்ளிக்க. பேரு இப்ப என்ன, கழுத்துப்பாறைன்னு வச்சுட்டானா?

பெத்தணன் விழுந்தான் பாறையா?

என்னடா ஒளர்ற? பெத்தணன் எங்க விழுந்தான்? அவனே வந்தானா? ரேஞ்சர் முன்னாடி, ரெண்டு ஊரு பெரியாளுக முன்னாடி? கொம்பையா சாமி வேலைத் தொட்டுச் சத்தியம் பண்ணியா சொன்னான்? "விழுந்தது நான்தான், இத்தனை வருஷம் எல்லாரும் மாத்திச் சொல்லிட்டாங்க, அதுலதான் கை இப்படி ஆச்சு"ன்னு... கையைக் காட்டினானா.

அப்பக் கயிறு புடிச்சது யாருன்னு சொன்னான்?

நானா.

ஒண்ணுமில்ல தாயி. ஜன்னலை நல்லாத் திற, காத்து வரட்டும். தண்ணி வேணாம். ஒண்ணுமில்லன்னா விடேன்.

சீனியம்மா அவன்கிட்டப் போயிருக்கா. கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கா.

பொய்யிடா! சாமி வேலைத் தொட்டுப் பொய் சொல்லியிருக்கான். அவன் எப்படி விழுவான்? ஆயுசுல அவன் மொகத்துல காலு வச்சிருக்கானா? மாட்டுத்தடத்துல போறவன்! விழணும்னா ஏறணும்டா. நான் ஏறினேன். பாதிப் பாறை, எவனும் தாங்காம. அங்க இருந்து விழுந்தது நானு. இந்தச் சன்னாசி. தலைகீழா விழுந்தேன், ஊரே பாத்துச்சு, பட்டப்பகல்ல. ஊருக்கு என்ன கண்ணு அவிஞ்சு போச்சா, அவன் சொன்னா அப்படியே கேட்டுக்கிட்டு நிக்க?

ஆமா, விழுந்தேன்னுதான் சொன்னேன். இப்ப என்ன? சிரிக்கிறவன் எல்லாம் சிரிங்க. டிரைவரும் சிரிக்கட்டும், ரோட்டைப் பாத்துக்கிட்டுச் சிரிக்கட்டும்.

அது விழுந்த கையா சுருளி? புடிச்ச கைடா அது. தோலு கழண்டு, எலும்பு தெரிய, விடாமப் புடிச்ச கை. என்னைப் புடிச்ச கை. அதைக் கொண்டு போயி நாலு பேரு முன்னாடி விழுந்த கைன்னு காட்ட அவனுக்கு யாரு அதிகாரம் குடுத்தது? அது அவன் கை மட்டுமா? நாளைக்கு அவன் பேரனை விழுந்தான் பேரன்னு எவனாவது கூப்பிடுவான். கூப்பிட்டா நான் வெட்டிப் போட்டுருவேன்.

மந்தைக்கல்லுக்கு ரோடு பிரியுற விலக்கு வரப்போகுதா? அங்க நிறுத்து. ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு அப்புறம் போய்க்கிறேன், போர்டு எங்கயும் ஓடிறாது. பெயிண்டு இருக்குல்ல. அவன் பேரு மேல பூசிட்டுப் பக்கத்துலயே என் பேரை நானே எழுதுவேன். சன்னாசி விழுந்தான். பெரிசா எழுதுவேன். அது என் பாறை. ஏறினவன் நான், விழுந்தவன் நான், எவனுக்கும் குடுக்க மாட்டேன்.

இல்ல தாயி, சமாதானமாப் போறதுக்கு இல்ல. சண்டை போடத்தான் போறேன். வாசல்ல நின்னே கேப்பேன், என் பேரை எடுக்க நீ யாருடான்னு. அவன் பொண்டாட்டி சாப்பிடாம விட மாட்டா, அது வேற விசயம். அந்தத் துண்டை இப்படிக் குடு. அது அவனுது. இதையும் அவன் மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு வர்றேன். விலக்குல இருந்து நடைதான், ஆகட்டும். நடப்பேன்.

நீ உச்சிக்குப் போனேன்னா ஒண்ணு பாரு. அந்தப் பாறைக்கு மேல விளிம்புல ரெண்டு குதிகால் வைக்கிற அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும். அதுலதான் முட்டுக் குடுத்து நின்னான். அந்த எடத்துக்கு இன்னும் யாரும் பேரு வைக்கல. உன் போன்ல எழுத முடியுமா? முடியும்ல. எழுது. பெத்தணன் புடிச்சான். கீழ அது, மேல இது. ரெண்டும் இருந்தாத்தான் சரியா இருக்கும்.

விசில் அடிடா. நின்னுருச்சா? நகருங்கய்யா, கால் நீளம் எனக்கு. புடிக்காத சுருளி, நானே எறங்கிக்குவேன், எனக்குத் தெரியாதா எறங்க?

இந்தப் படியை எவன் இம்புட்டு ஒசரத்துல வச்சான்? தாயி, இங்க வா. கையக் குடு. ம். கெட்டியாப் புடி. விழுந்து வச்சா இந்தப் படிக்கும் என் பேரை வச்சிருவானுக.